உலக உதவி யார் கையில் போய்ச் சேர்கிறது? ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு குப்பைக் கணக்கு

ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கென்று உலகம் ஒதுக்கும் ஒவ்வொரு ஆயிரம் ரூபாயிலும் திடக்கழிவுக்குப் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ மூன்று ரூபாய். சர்வதேசத் திடக்கழிவுச் சங்கம் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதை 0.32 விழுக்காடு என்று கணக்கிட்டது. அந்த நாடுகளின் நகராட்சிகளோ தங்கள் வரவுசெலவில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கைக் குப்பைக்கே செலவிடுகின்றன என்கிறது உலக வங்கியின் 2018 அறிக்கை. அவ்வளவு செலவழித்தும் குறைந்த வருமான நாடுகளின் கழிவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெட்டவெளியில் கொட்டப்படுகிறது அல்லது எரிக்கப்படுகிறது. 2016-இல் 201 கோடி டன்னாக இருந்த உலகின் நகரக் கழிவு 2050-இல் 340 கோடி டன்னாகும் என்பதும் அதே அறிக்கையின் மதிப்பீடு.

இந்த எண்களை அடுக்கிவிட்டு, நிதியைப் பல மடங்காக்குங்கள் என்று முடிக்கும் அறிக்கைகள் நிறைய வந்துவிட்டன. நிதி கூட வேண்டும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இதுவரை வந்த பணமும் பொறியும் அறிவும் எங்கே இறங்கின, திட்டக் காலம் முடிந்து வல்லுநர்கள் ஊர் திரும்பிய பிறகு என்ன மிஞ்சியது என்று பார்த்தால்தான் இனி எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகும். அப்படிப் பார்ப்பதற்குத் தென்னிந்தியாவில் பெங்களூரைவிடப் பொருத்தமான நகரம் இல்லை.

ஜீவனஹள்ளி பெங்களூரின் கிழக்கே, காக்ஸ் டவுனை ஒட்டி இருக்கிறது. பழைய கண்டோன்மென்ட்டின் விளிம்பு இது. தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும். ஆட்டோ டிப்பர் வந்து நின்றால் ‘ஹசி கச’, ‘ஒண கச’ என்று ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் தனித்தனியாகக் கேட்பது இந்நகரத்தின் வழக்கமாகிவிட்டது. தமிழ் பேசும் வீடுகளிலும் இந்தக் கன்னடச் சொற்களேதான் புழங்குகின்றன. வீட்டு வாசலில் கைமாறும் பால் கவரும் தண்ணீர் பாட்டிலும் முதலில் உலர்கழிவு மையத்துக்கும், அங்கிருந்து ஜாலி மொஹல்லாவின் மொத்த வியாபாரிகளுக்கும், பிறகு மைசூர் சாலையிலுள்ள நாயண்டஹள்ளியின் சிறு பிளாஸ்டிக் ஆலைகளுக்கும் போகின்றன. அவற்றுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைக் கச்சா எண்ணெய்ச் சந்தை முடிவு செய்கிறது. ஒரு குடியிருப்பின் குப்பை இப்படி உலகத்தோடு ஏற்கெனவே பிணைந்துதான் கிடக்கிறது. அந்தப் பிணைப்பில் நியாயம் உண்டா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பகுதிக்கு நகரச் சுகாதாரம் பற்றிய அயல்நாட்டு அறிவு முதலில் வந்தது ஆணையாகத்தான். 1898 ஆகஸ்டில் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. நெரிசலான கண்டோன்மென்ட் தெருக்களில் மக்கள் மடிந்தார்கள். அதன் விளைவாக, காற்றோட்டமும் வடிகாலும் உள்ள புதிய குடியிருப்பாக அருகிலுள்ள பிரேசர் டவுன் 1910-க்குள் எழுந்தது. பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்ட் ஸ்டுவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு. காக்ஸ் டவுனுக்கும் ஒரு கலெக்டரின் பெயர்தான். குப்பையை அள்ளிச் சுமந்தவர்கள் பெயரில் இங்கே ஒரு தெருவும் இல்லை. அவர்களைக் கேட்டு யாரும் எதையும் திட்டமிடவும் இல்லை.

விடுதலைக்குப் பிறகு அயல்நாட்டு அறிவு இயந்திரமாக வந்தது. இதற்கு இந்தியாவில் மிகக் கசப்பான சான்று டில்லியின் திமார்ப்பூர். டென்மார்க் தொழில்நுட்பத்தில், நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க 1987-இல் கட்டப்பட்ட ஆலை அது. சில வாரங்களிலேயே நின்றுபோனது. ஆலைக்குத் தேவைப்பட்ட வெப்பத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் டில்லிக் குப்பையால் தர முடிந்தது. ஐரோப்பிய வீட்டுக் குப்பையில் காகிதமும் அட்டையும் பிளாஸ்டிக்கும் மிகுதி. நம் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறையின் ஈரக் கழிவு. எரியக்கூடிய காகிதத்தையும் துணியையும் பிளாஸ்டிக்கையும் கபாடிக்காரர்களும் குப்பை பொறுக்குபவர்களும் அந்த ஆலை வருவதற்கு வெகு முன்பே எடுத்து, மறுசுழற்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்நகரங்களில் ஏற்கெனவே ஓர் அமைப்பு வேலை செய்துகொண்டிருந்தது. இயந்திரத்தை வடிவமைத்தவர்களின் கணக்கில் அது இல்லை. அதை வாங்கியவர்களின் கணக்கிலும் இல்லை.

சென்னையின் அனுபவம் வேறுவிதம். 2000-ஆம் ஆண்டில் மாநகரின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி பிரெஞ்சுக் குழுமம் ஒன்றைச் சேர்ந்த ஓனிக்ஸ் நிறுவனத்திடம் தரப்பட்டது. அடுத்து 2007-இல் வந்தது கொலம்பியக் கூட்டோடு இயங்கிய நீல் மெட்டல் பனால்கா. ஓனிக்ஸ் காலத்தில் தெருக்கள் சுத்தமாக இருந்தன என்று சென்னைவாசிகள் இன்றும் சொல்வார்கள், அதில் உண்மை உண்டு. ஆனால் கட்டணம் டன் கணக்கில். அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டும் எடைக்குக் காசு என்றால், குப்பையைக் குறைக்கவோ பிரிக்கவோ அந்த நிறுவனத்துக்கு என்ன தேவை? கொடுங்கையூர், பெருங்குடி குப்பைமேடுகள் வளர்ந்துகொண்டே போனதில் இந்த ஒப்பந்த முறைக்கும் பங்குண்டு. அதை அதிகம் பேர் எழுதவில்லை. அயல்நாட்டு நிறுவனம் ஒன்று வந்து வேலை எடுத்துச் செய்வது வணிகம். அதைச் சர்வதேச ஒத்துழைப்பு என்ற பெயரில் எண்ணக் கூடாது.

பெங்களூருக்கு வந்த உதவிகளில் உருப்படியாக நிலைத்தது முதலில் ஆய்வறிவுதான். 1994-இல் நெதர்லாந்து ஆய்வாளர் மரைக் ஹைஸ்மன் இந்நகரத்தில் குப்பை பொறுக்கும் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரை, இது பிச்சையோ திருட்டோ அல்ல, பிழைப்புக்கான தொழில் என்பதைக் கல்விப்புலத்தில் ஊன்றிச் சொன்னது. அதே நாட்டின் கௌடா நகரிலுள்ள வேஸ்ட் என்ற அமைப்பு, ஒருங்கிணைந்த நிலையான கழிவு மேலாண்மை என்ற சிந்தனையை அந்தப் பத்தாண்டில் வளர்த்தது. லாரி, தொட்டி, குப்பைமேடு ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதாது, அந்நகரத்தில் குப்பையால் வாழ்பவர் யார், யார் பணம் கொடுக்கிறார், யார் முடிவெடுக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஐ.நா. வாழ்விடத் திட்டம் 2010-இல் உலகின் 20 நகரங்களை ஒப்பிட்டு வெளியிட்ட நூலில் இந்தப் பார்வை முழு வடிவம் பெற்றது. ரோட்டர்டாம், சான் பிரான்சிஸ்கோ, நைரோபி, டாக்கா ஆகியவற்றோடு பெங்களூரும் அந்த இருபதில் ஒன்று.

உள்ளூரிலும் அடித்தளம் போடப்பட்டுக்கொண்டிருந்தது. பெங்களூரின் புறநகரில் வாழ்ந்த அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கிலிருந்துதான் நாட்டின் முதல் நகரத் திடக்கழிவு விதிகள் 2000-இல் பிறந்தன. அதற்கு முன்பு, சென்னையின் எக்ஸ்னோரா அமைப்பைச் சேர்ந்த கேப்டன் வேலுவோடு அவர் ஊர் ஊராகப் போய் நகராட்சிகளின் குப்பைமேடுகளைப் பார்த்திருந்தார். எந்த வெளிநாட்டு நிதியும் இதற்குப் பின்னால் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை அறிவும் விதியும் இருந்தும் 2012-இல் நகரம் நாறியது. மாவள்ளிபுராவில் கொட்டிய குப்பையால் கிணறும் காற்றும் கெட்டுப்போன கிராமத்தார் லாரிகளை மறித்தார்கள். குப்பைமேடு மூடப்பட்டது. பெங்களூரின் தெருமுனைகளில் குப்பை மலையாகக் குவிந்தது. நியூயார்க் டைம்ஸ்வரை செய்தி போனது. மாநகராட்சி அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் வீட்டிலேயே பிரிப்பதைக் கட்டாயமாக்கியது. இன்னொரு குப்பைமேடு இருந்த மண்டூரின் மக்களும் போராடினார்கள். 2014 டிசம்பரில் அங்கும் லாரிகள் நின்றன. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தொடர் உத்தரவுகள் வார்டுக்கு ஓர் உலர்கழிவு மையம் வேண்டும் என்றன. 2015 டிசம்பரில் ஈரத்துக்குப் பச்சைத் தொட்டி, நாப்கின் போன்றவற்றுக்குச் சிவப்புத் தொட்டி, உலர்ந்ததற்கு ஒரு பை என்ற முறையை நீதிமன்றமே நகரம் முழுமைக்கும் ஆக்கியது. நகரத்தைத் திருத்தியது வல்லுநர் குழு என்று எழுதினால் பொய்யாகிவிடும். குப்பை நீரைக் குடிக்க நேர்ந்த கிராமங்கள்தான் முதலில் திருத்தின.

அந்த நெருக்கடி வந்த நேரத்தில் பெங்களூரில் குப்பை பொறுக்குபவர்கள் அமைப்பாகத் திரண்டிருந்தார்கள். இது நல்வாய்ப்பு மட்டுமல்ல, இதற்கு ஒரு நீண்ட உலகப் பயணம் உண்டு. பிரேசிலின் பெலோ ஓரிசோன்டேயில் 1990-இல் குப்பை பொறுக்குபவர்கள் அஸ்மாரே என்ற சங்கத்தைத் தொடங்கி, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். புணேயில் 1993-இல் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து என்ற தொழிற்சங்கம் உருவானது. 2008 மார்ச்சில் கொலம்பியாவின் பொகோட்டாவில் கழிவு சேகரிப்பாளர்களின் முதல் உலக மாநாடு கூடியது. இந்தியச் சங்கங்களும் போயிருந்தன. மார்ச் 1-ஐ உலகக் கழிவு சேகரிப்பாளர் நாளாக அறிவித்தார்கள். 1992-இல் அதே நாட்டின் பர்ரன்கியாவில், ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் குப்பை பொறுக்க வரவழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்களின் நினைவுநாள் அது. உலக வங்கியின் அறிக்கைகளில் இந்த நாள் தடித்த எழுத்தில் வருவதில்லை. என் பார்வையில் குப்பை பற்றிய சர்வதேச ஒத்துழைப்பின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

புணே சங்கத்தில் பணியாற்றிய நளினி சேகர் பெங்களூரில் ஹசிரு தளம் என்ற குப்பை பொறுக்குபவர் அமைப்பை இணைந்து நிறுவினார். மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தின் வழிகாட்டலில் 2011-இல் பெங்களூரு மாநகராட்சி குப்பை பொறுக்குபவர்களுக்குத் தொழில் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது. ஒரு மாநகராட்சியே அப்படி அட்டை கொடுத்ததில் இந்தியாவில் இந்நகரம் முன்னோடி. விடியற்காலையில் சாக்குப்பையோடு நடந்துபோகும் பெண்ணைத் திருடி என்று சொல்லி நிறுத்தும் காவலரிடம் எடுத்துக் காட்ட அந்த அட்டை இருந்தது. வார்டு உலர்கழிவு மையங்கள் வந்தபோது, முப்பதுக்கும் மேற்பட்டவற்றை நடத்தும் பொறுப்பு முன்னாள் குப்பை பொறுக்குபவர்களுக்கே கிடைத்தது. ஜெயநகரில் அப்படி ஒரு மையத்தை நடத்திவந்தவர் 2015 டிசம்பரில் பாரிஸ் பருவநிலை மாநாட்டுக்கே போய்ப் பேசினார். வீகோ என்ற உலக ஆய்வு வலைப்பின்னல் 2013-இல் வெளியிட்ட பெங்களூரு ஆய்வு, இந்நகரின் குப்பை பொறுக்குபவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,050 டன்னைக் குப்பைமேட்டுக்குப் போகவிடாமல் தடுக்கிறார்கள், அதனால் மாநகராட்சிக்கு ஆண்டுக்கு 84 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று கணக்குச் சொன்னது. அந்த மிச்சத்தில் அவர்களுக்குக் கூலியாகத் திரும்பியது ஒன்றுமில்லை. பொகோட்டாவில் அரசியல் சாசன நீதிமன்றத்தின் தீர்ப்புகளைப் பிடித்துக்கொண்டு, 2013-இல் நகர நிர்வாகமே குப்பை பொறுக்குபவர்களுக்கு எடைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. நாம் பொகோட்டாவிடமிருந்து இன்னும் கற்காத பாடம் அது.

உலர்கழிவு மையத்தில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்த்தால், உலக மாநாடுகளில் பேசப்படும் பல சொற்களின் எடை தெரியும். பை பிரித்துக் கொட்டப்படுகிறது. உட்கார்ந்திருக்கும் பெண் முதலில் எடுப்பது பால் கவர். நந்தினி பால் கவர் ஒரே வகைப் பிளாஸ்டிக், அலசிக் காய்ந்திருந்தால் நல்ல விலை. மூலையைத் தனியாக வெட்டி எறியாமல் கவரோடு ஒட்டவிட்டிருந்தால் அந்தத் துணுக்கும் தப்பிக்கும். தனியே வெட்டினால் அது சாக்கடைக்குத்தான் போகும். அடுத்து தண்ணீர் பாட்டில். உடம்பு ஒரு பிளாஸ்டிக், மூடி வேறு பிளாஸ்டிக், சுற்றியிருக்கும் லேபிள் மூன்றாவது வகை. ஆலையில் நொறுக்கித் தண்ணீரில் போட்டால் பாட்டில் சில்லு மூழ்கும், மூடிச் சில்லு மிதக்கும். அதைப் பெரிய கண்டுபிடிப்பாகப் படிப்பவர்கள், இங்கே ஒரு பிடி கவரைக் கசக்கிச் சத்தத்தைக் கேட்டே என்ன வகை என்று பிரிக்கும் கையைப் பார்க்க வேண்டும். பிறகு பிஸ்கட் உறை வரும். பளபளப்பான அதன் உள்பக்கத்தில் அலுமினியம், வெளியே பிளாஸ்டிக் அடுக்குகள். அந்த அடுக்குகளைப் பிரிக்கவே முடியாது. எந்தப் பழைய பொருள் கடையும் வாங்காது. சிப்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட், மசாலா பாக்கெட் எல்லாம் அதே கதி. சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்பலாம், ஆனால் லாரி வாடகையை யார் தருவது? ஒவ்வொரு மையத்திலும் சுவரோரம் ஏறிக்கொண்டே போகும் மூட்டைகள் இவைதான். இடையிடையே உடைந்த கண்ணாடி, ஊசி, நாப்கின். பிரிக்காமல் கட்டிக் கொடுத்த வீட்டின் வேலை இந்தப் பெண்ணின் கையில் காயமாகிறது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய் விலை விழுந்தால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகும். புதுசே மலிவாகக் கிடைக்கும்போது ஆலைக்காரர் பழசை ஏன் வாங்குவார்? 2020-இல் கொரோனாவோடு எண்ணெய் விலையும் விழுந்தபோது உலகெங்கும் மறுசுழற்சிச் சந்தை ஆட்டம் கண்டது. யாரோ தோண்டும் எண்ணெய்க் கிணற்றின் விலை, இங்கே ஒரு பெண்ணின் அன்றைய கூலியைத் தீர்மானிக்கிறது. அவள் கையில் எந்தக் காப்பீடும் இல்லை.

இந்த இடத்தில்தான் அயல்நாட்டு உதவி உண்மையில் பயன்பட்ட சில முயற்சிகளைப் பார்க்கிறேன். 2019 மே மாதத்தில் பிரிட்டனின் தி பாடி ஷாப் நிறுவனம், பிளாஸ்டிக்ஸ் ஃபார் சேஞ்ச், ஹசிரு தளம் ஆகிய அமைப்புகளோடு சேர்ந்து, பெங்களூரின் குப்பை பொறுக்குபவர்கள் திரட்டிய பிளாஸ்டிக்கை நியாய விலைக்கு வாங்கத் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு 250 டன். அதிலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் ஷாம்பு பாட்டில்கள் செய்வதாகத் திட்டம். சந்தை ஏறி இறங்கினாலும் விலை நிலையாக இருக்கும் என்ற உறுதிதான் இதன் உயிர். எத்தனையோ ஆலைகளைவிட இந்த ஓர் ஏற்பாடு மதிப்பு மிக்கது என்பது என் கருத்து. ஆனால் 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் பிரிட்டன் வணிகமே திவால் நிர்வாகத்தின் கீழ் போனது. ஒரு வாடிக்கையாளரின் நல்லெண்ணத்தின் மேல் ஒரு நகரத்தின் வாழ்வாதாரத்தைக் கட்ட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஸ்வீடன் ஆடை நிறுவனமான எச் அண்ட் எம்மின் அறக்கட்டளை 2020-இல் தொடங்கிய சாமூஹிக சக்தி என்ற திட்டம் இன்னும் விரிவானது. ஹசிரு தளம், வாட்டர் எய்டு, பிபிசி மீடியா ஆக்ஷன் உள்ளிட்ட பல அமைப்புகள் ஒரே குடும்பங்களோடு சேர்ந்து வேலை செய்கின்றன. ஒருவர் கழிப்பறை, இன்னொருவர் பள்ளிப்படிப்பு, மற்றொருவர் வேறு தொழிற்பயிற்சி. பிபிசி மீடியா ஆக்ஷன் நடத்திய பிரசாரம் பெங்களூருவாசிகளுக்குக் குப்பை பொறுக்குபவர்களின் வேலையை எடுத்துக் காட்டியது. குப்பை பொறுக்குபவரைக் கழிவுச் சங்கிலியின் ஒரு கண்ணியாக மட்டும் பார்க்காமல், வீடும் குழந்தையும் உள்ள மனிதராகப் பார்த்தது இந்தத் திட்டத்தின் பெரிய சிறப்பு. இருந்தாலும் இது கொடையாகத்தான் வருகிறது. கொடை நின்றால் கேட்க எந்தச் சட்டமும் இல்லை. மலிவு ஆடைகளை உலகெங்கும் விற்கும் தொழில், பழந்துணியாகத் திரும்பி வரும் அந்த ஆடைகளுக்கும் சட்டப்படி பொறுப்பேற்கும் நாள்தான் நமக்கு வேண்டும்.

உதவி ஒரு பக்கம் வரும்போதே குப்பையும் கப்பலில் வருகிறது. இதைச் சேர்க்காமல் சர்வதேசக் கணக்கு முழுமையாகாது. அபாயக் கழிவுகள் எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்படிக்கை 1989-இல் ஏற்கப்பட்டு 1992-இல் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், கொள்கலன்கள் தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் நோக்கித் திரும்பின. 2019-இல் இந்தியா தன் விதிகளை இறுக்கியது. அதே ஆண்டு பாசெல் உடன்படிக்கையில் பிளாஸ்டிக் கழிவும் சேர்க்கப்பட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் காகிதக் கழிவு என்ற பெயரில் வீட்டுக் குப்பை வந்திறங்கிய வழக்குகள் தமிழ்நாட்டுக்குத் தெரியாதவை அல்ல.

இலங்கையின் கதை இரண்டு பக்கங்களையும் ஒருசேரக் காட்டுகிறது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேரைக் கொன்றது. ஜப்பான் உடனே தன் வல்லுநர்களை அனுப்பியது. அதே ஆண்டிலிருந்தே பிரிட்டனின் கழிவு பழைய மெத்தை, தரைவிரிப்பு என்ற பெயரில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் மருத்துவமனைக் கழிவும் இருந்தது. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, சுமார் 260 கொள்கலன்களை 2022-க்குள் திருப்பி அனுப்பினார்கள். தன் குப்பையால் தன் மக்களை இழந்துகொண்டிருந்த நாட்டுக்கு இன்னொரு நாட்டின் குப்பை வந்தது. உதவி அனுப்பும் நாடுகள் முதலில் தங்கள் கப்பல்களைச் சோதிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவரும் வாய்ப்பு 2022 மார்ச் 2 அன்று பிறந்தது. நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை, பிளாஸ்டிக் மாசுக்கு எதிராகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் வேண்டும் என்று தீர்மானித்தது. முறைசாரா நிலையிலும் கூட்டுறவாகவும் பிளாஸ்டிக்கைச் சேகரித்துப் பிரிக்கும் தொழிலாளர்களின் பங்கை அந்தத் தீர்மானம் பெயர் சொல்லி ஏற்றது. உலக அளவில் ஓர் ஆவணத்தில் அவர்களுக்கு இவ்வளவு தெளிவான இடம் கிடைத்தது புதிது. அந்த ஆண்டு இறுதியில் உருகுவேயில் பேச்சு தொடங்கியபோது, கென்யாவும் தென்னாப்பிரிக்காவும் அவர்களுக்காக ஒரு நட்பு நாடுகள் குழுவை அமைத்தன. குப்பை பொறுக்குபவர்களே தங்கள் பிரதிநிதிகளை ஒவ்வொரு சுற்றுக்கும் அனுப்பினார்கள். 2024 மே மாதத்தில் புவனோஸ் ஐரிஸில் அவர்களின் உலகக் கூட்டமைப்பு முறைப்படி மாநாடு கூட்டித் தன் தலைமையைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் 2024 இறுதியில் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் ஒப்பந்தம் எட்டப்படவில்லை. எவ்வளவு புதுப் பிளாஸ்டிக் உற்பத்தி செய்யலாம் என்பதற்கு வரம்பு வேண்டுமா என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் முட்டுக்கட்டை. எண்ணெய் நாடுகளோடு இந்தியாவும் உற்பத்தி வரம்பை எதிர்த்தது. வளர்ச்சிக்கு வழிவிட வேண்டும் என்ற இந்திய வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. பணக்கார நாடுகள் முதலில் குறைக்கட்டும் என்பதும் சரியே. ஆனால் பிரிக்கவே முடியாத பல அடுக்கு உறையை எந்த நாட்டின் வளர்ச்சிக்காகச் செய்கிறார்கள்? அந்த மூட்டை ஏறிக்கொண்டிருப்பது நம் வார்டு மையங்களின் சுவரோரம்தான். இதில் இந்தியாவின் நிலைப்பாடு தவறு என்றே நினைக்கிறேன்.

ஒப்பந்தம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நாட்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் 2016-இலேயே உற்பத்தியாளர் பொறுப்பைக் கொண்டுவந்தன. 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள், சந்தையில் விட்ட பிளாஸ்டிக்குக்கு ஈடாக மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றன. உடனே சான்றிதழ்ச் சந்தை ஒன்று முளைத்தது. 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்திய சோதனையில், ஏறத்தாழ 6 லட்சம் சான்றிதழ்கள் போலி என்று தெரிந்தது. எங்கோ நடந்ததாகச் சொல்லப்பட்ட மறுசுழற்சிக்கு நிறுவனங்கள் பணம் கொடுத்திருக்கின்றன. பிஸ்கட் உறையைக் கையால் பொறுக்கி மூட்டை கட்டிய பெண்ணுக்கு அதில் ஒரு ரூபாயும் வரவில்லை. சட்டம் சரியான திசையில் இருக்கிறது, பணம் மட்டும் தவறான முகவரிக்குப் போகிறது. அதன் பாதையை மாற்றினால், எந்த வெளிநாட்டுக் கொடையையும்விடப் பெரிய தொகை ஆண்டுதோறும் நிலையாக வார்டு மையங்களுக்கு வரும்.

அயல்நாட்டு நிதிக்கும் அந்த வழியே பொருந்தும். எரிஉலைக்கும் பெரிய ஆலைக்கும் கடன் கொடுப்பது சுலபம். கையெழுத்துப் போடலாம், படம் எடுக்கலாம். வார்டு மையத்தின் விலை ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் நிதியை உருவாக்குவது கடினம், ஆனால் உண்மையில் தேவைப்படுவது அதுதான். எண்ணெய் விலை விழும் மாதங்களில் குறைந்தபட்ச விலையை உறுதி செய்யும் ஒரு நிதிக்கு, தொடக்கத்தில் சொன்ன அந்த ஆயிரத்துக்கு மூன்று ரூபாயில் ஒரு ரூபாய் போனாலே பெங்களூர் போன்ற நகரங்களின் மறுசுழற்சி நிலைபெறும். பொகோட்டாவைப் போல எடைக்குக் கூலி கொடுக்கும் பொறுப்பை நகர நிர்வாகம் ஏற்றால், அந்த நிதியின் பாரமும் குறையும். 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்தது. இப்படிப்பட்ட மாற்றத்தில் வார்டுகளும் ஒப்பந்தங்களும் புதிதாக வரையப்படும். உலர்கழிவு மையங்களை மீண்டும் பெரிய ஒப்பந்ததாரர் கையில் கொடுத்துவிடும் ஆபத்து அப்போதுதான் அதிகம்.

ஜீவனஹள்ளியிலோ அதைப் போன்ற எந்தத் தமிழ்த் தெருவிலோ வாழும் வாசகர்களிடம் நான் கேட்பது இரண்டு. முதலாவது, நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் தனியே காகிதத்தில் சுற்றிக் குறியிட்டுக் கொடுங்கள், அதைப் பிரிக்கும் கை நம் அக்கம்பக்கத்துப் பெண்ணுடையது. இரண்டாவது, உங்கள் வார்டுக் குழுக் கூட்டத்துக்குப் போய், இந்த வார்டின் உலர்கழிவு மையத்தை நடத்துவது யார், உற்பத்தியாளர் பொறுப்பு விதியின் கீழ் அதற்கு எவ்வளவு பணம் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.